மழை பெய்த பிறகு மல்லாட்டை: ஆங்கிலத்தில் வினைக்குப் பின் வருபவை

தமிழ் வாக்கியம் வினையில் முடிகிறது. ஆங்கில வாக்கியம் பெரும்பாலும் வினை வந்த பிறகே விரிகிறது. யார், எங்கே, எப்போது, எதனால் என்பவற்றையெல்லாம் அடுக்கிச் சொல்லிவிட்டுக் கடைசியில் 'செய்தார்கள்' என்று முடித்துப் பழகிய கண்டாச்சிபுரம், முகையூர், அரகண்டநல்லூர் வட்டாரத்து மாணவர், ஆங்கிலம் பேச வாயெடுக்கும்போது தடுமாறினால் அதற்குச் சொல் தெரியாமை மட்டுமே காரணமன்று. தெரிந்த சொற்களை எந்த வரிசையில் வைப்பது என்ற குழப்பமே பல நேரங்களில் பெரிய காரணமாக நிற்கிறது.

'மழை பெய்த பிறகு மல்லாட்டையைப் பிடுங்கினார்கள்' என்னும் வாக்கியத்தை எடுத்துக்கொள்ளலாம். வேர்க்கடலை என்று பாடநூல் எழுதுவது அந்த வட்டாரத்தில் மல்லாட்டைதான். இவ்வாக்கியத்தில் 'பிடுங்கினார்கள்' என்பது முற்றுவினை. 'மழை பெய்த பிறகு' என்பது சார்புத் தொடர், அதாவது தனக்குள் ஒரு வினையை வைத்திருந்தும் தனித்து நிற்க இயலாமல், முற்றுவினையைச் சார்ந்து நின்று அது நிகழ்ந்த காலத்தைச் சொல்லும் தொடர். இதையே ஆங்கிலத்தில் சொல்பவர் 'தே புல்ட் அவுட் தி கிரவுண்ட்நட்ஸ் ஆஃப்டர் இட் ரெயின்ட்' என்று தொடங்கும்போதே வினையைச் சொல்லிவிட்டு, மழையைப் பின்னால் வைக்கிறார். இரண்டையும் இணைக்கும் சொல்லின் இடமும் இங்கே மாறுகிறது: தமிழில் 'பிறகு' தன் தொடரின் வாலில் நிற்க, ஆங்கிலத்தில் 'ஆஃப்டர்' தன் தொடரின் தலையில் நிற்கிறது.

இதைக் கவனியாமல், மழையை முதலில் சொல்லி 'பிறகு' நின்ற இடத்திலேயே 'ஆஃப்டர்' என்பதை வைத்து, 'இட் ரெயின்ட் ஆஃப்டர் தே புல்ட் அவுட் தி கிரவுண்ட்நட்ஸ்' என்று ஒரு மாணவர் எழுதினால், அவ்வாக்கியத்தில் இலக்கணப் பிழை எதையும் ஆசிரியர் காட்ட முடியாது. ஆனால் நடந்த கதை தலைகீழாகிவிடுகிறது. ஈரமண்ணில் செடி எளிதாகக் கையோடு வந்தது என்ற நல்ல செய்தி, பிடுங்கிப் போட்ட செடி மழையில் நனைந்து காய் கறுத்தது என்ற நட்டச் செய்தியாக மாறுகிறது. 'மழை பெய்ததால் பஸ் தாமதமாக வந்தது' என்பதும் இப்படியே 'இட் ரெயின்ட் பிகாஸ் தி பஸ் கேம் லேட்' என்று ஆகும்போது, பஸ் தாமதமாக வந்ததனால் மழை பெய்தது என்று பொருள்படும். விழுப்புரம் பஸ்ஸுக்கு அவ்வளவு செல்வாக்கு இல்லை.

இந்த வேறுபாடு அறிஞர் கண்ணில் முன்பே பட்டதுதான். 1856-இல் வெளிவந்த திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில் கால்டுவெல், இம்மொழிகளில் பெயருக்கு முன்னால் வரும் உருபுகளுக்கு மாறாகப் பின்னால் வரும் உருபுகள் இருப்பதையும், 'ஹூ', 'விச்' போன்ற இணைப்புப் பிரதிப்பெயரின் வேலையைப் பெயரெச்சம் செய்வதையும் தனித்தன்மைகளாக எடுத்துக்காட்டினார். மொழியியலாளர் ஜோசப் கிரீன்பர்க் 30 மொழிகளைச் சான்றாகக் கொண்டு ஆராய்ந்து 1963-இல் வெளியிட்டபோது (அவற்றில் தமிழ் இல்லை, கன்னடம் இருந்தது), வினையைக் கடைசியில் வைக்கும் மொழிகள் உருபுகளையும் பெரும்பாலும் பெயருக்குப் பின்னாலேயே வைக்கின்றன என்பது புலப்பட்டது. ஆகவே மாணவர் செய்யும் பிழை அவருடைய மந்தபுத்தியின் விளைவன்று. ஒழுங்கான ஒரு மொழியின் ஒழுங்கை இன்னொரு மொழியின் மேல் ஏற்றுவதன் விளைவு. 'எச்சம்' என்ற நம் இலக்கணச் சொல்லே இதைச் சொல்லிவிடுகிறது: 'பெய்து', 'பெய்தால்' என்று கேட்டவுடன் காது இன்னும் வரவேண்டிய வினையை எதிர்நோக்குகிறது. ஆங்கிலத்தில் வினைக்குப் பின் வரும் சார்புத் தொடரோ, ஏற்கெனவே சொல்லி முடித்த வினையைத் திரும்பிப் பார்க்கிறது.

சார்புத் தொடரைப் போலவே இடத்தைக் கவனிக்க வேண்டிய இன்னொன்று வினையடை, அதாவது வினை எவ்வாறு, எங்கே, எப்போது நிகழ்ந்தது என்று உணர்த்தும் சொல் அல்லது தொடர். ஆங்கிலத்தில் வினைக்கும் அதன் செயப்படுபொருளுக்கும் இடையே இதைச் செருகுவது பொதுவாக ஆகாது. 'ஷி லைக்ஸ் வெரி மச் மேங்கோஸ்' என்பது பிழை, 'ஷி லைக்ஸ் மேங்கோஸ் வெரி மச்' என்பதே சரி. பல வினையடைகள் சேர்ந்து வந்தால் முறை, இடம், காலம் என்ற வரிசை வழக்கமானது: 'தே வொர்க்ட் கொயட்லி இன் தி ஃபீல்ட் எஸ்டர்டே'. தமிழிலோ 'நேற்று வயலில் அமைதியாக வேலை செய்தார்கள்' என்பதே இயல்பு. கடைசிச் சொற்களிலிருந்து பின்னோக்கிப் படித்தால் ஆங்கில வரிசை கிடைத்துவிடும். 'ஆல்வேஸ்', 'ஆஃபன்', 'நெவர்' போன்று எத்தனை முறை என்பதைச் சொல்லும் சொற்கள் மட்டும் இதற்கு அடங்காமல் முதன்மை வினைக்கு முன்னும், 'இஸ்', 'ஆர்' முதலியவற்றுக்குப் பின்னும் நிற்கும். 'நேற்றுத்தான் வந்தான்' என்பதில் உள்ள 'தான்' என்பதை அப்படியே பெயர்த்து 'ஹி கேம் எஸ்டர்டே ஒன்லி' என்று சொல்வது இந்தியா முழுவதும் புரியும். ஆயினும் தேர்வுத்தாளில் 'ஒன்லி எஸ்டர்டே' என்று எழுதுவதே பாதுகாப்பு.

'என்று' வரும் வாக்கியத்தில் கூடுதல் கவனம் வேண்டும். 'வருவேன் என்று அவன் சொன்னான்' என்பதில் தமிழ் அவன் பேச்சை அப்படியே விட்டுவைக்கிறது. ஆங்கிலம் 'ஹி செட் தட் ஹி வுட் கம்' என்று 'தட்' என்பதை முன்னே நிறுத்தி, தன்மையைப் படர்க்கையாக்கி, காலத்தையும் பின்தள்ளிவிடுகிறது. மேலும், காலச் சொல் தனக்கு அருகில் உள்ள வினையோடு ஒட்டிக்கொள்ளும் இயல்புடையது: 'ஹி டோல்ட் அஸ் எஸ்டர்டே தட் தி பஸ் வாஸ் லேட்' என்றால் சொன்னது நேற்று, 'எஸ்டர்டே' வாக்கியத்தின் கடைசிக்குப் போனால் பஸ் தாமதமானது நேற்று என்றாகிவிடும்.

சார்புத் தொடரை ஆங்கிலத்திலும் முன்னால் வைக்கலாம் என்பது உண்மையே. 'ஆஃப்டர் இட் ரெயின்ட்' என்று தொடங்கி, காற்புள்ளி இட்டு, முதன்மைத் தொடரைச் சொல்லலாம். தமிழர்க்கு இது எளிது என்பதால் சிலர் எல்லா வாக்கியத்தையும் இப்படியே அமைக்கிறார்கள். அது பிழையன்று, ஆனால் பேசும்போது நீண்ட முன்தொடரைச் சுமந்துகொண்டு வினையைத் தேடும் சிரமம் திரும்ப வந்துவிடும். தொடக்க நிலையில் உள்ளவர் யார், என்ன செய்தார் என்பதை முதலில் சொல்லிவிட்டு மற்றவற்றைப் பின்னால் சேர்ப்பதே நல்லது; நடுவில் தடைப்பட்டு நின்றாலும் அதுவரை சொன்னது முழு வாக்கியமாகவே இருக்கும்.

இவ்வுரையைக் கேட்கும் மாணவர் இன்று வீட்டில் காதில் விழும் பத்து வாக்கியங்களை நோட்டில் எழுதி, ஒவ்வொன்றிலும் முற்றுவினையையும், 'பிறகு', 'ஆல்' ('பெய்ததால்' என்பதில் உள்ளது), 'என்று' ஆகியவற்றையும் அடிக்கோடிட்டு, அடிக்கோடிட்ட வினையை எழுவாய்க்கு அடுத்தும், இணைப்புச் சொல்லைத் தன் தொடரின் தலையிலும் வைத்து ஆங்கிலத்தில் எழுதி, நாளைக் காலை ஆசிரியரிடம் காட்டித் திருத்திக்கொள்ள வேண்டும்.