சாவியைக் கேட்கும் வேளை

பிழைப்பின் பொருட்டு வெளி மாநிலங்களில் குடியேறிய நாம் ஊர் திரும்பும்போது, வீட்டுப் பெரியவர் மோட்டார் வண்டியுடன் ரயிலடிக்கு வந்து நிற்பதுண்டு. சென்ற ஆண்டு சித்தூரில் எமக்கும் அவ்வாறே வாய்த்தது. வண்டியோட்டி வந்தவர் எம் தாய்மாமன், வயது 72. அந்திப் பொழுதில் எதிர்வந்த லாரியின் ஒளியில் அவர் கண் கூசித் தடுமாறியதையும், பின்னே ஒலித்த ஹாரனுக்குக் கழுத்தைத் திருப்ப இயலாது உடலையே திருப்பியதையும் நாம் கண்டோம். அவரோ, "நாளை திருமலைக்கும் நானே ஓட்டுகிறேன், அப்பா" என்றார்.

முதுமை குற்றமன்று. வயதொன்றே தகுதியைக் குலைப்பதுமன்று. நமது சட்டமும் சொந்த வண்டி ஓட்டுவோர்க்கு மேல்வயது வரம்பு வகுக்கவில்லை. 55 வயதைக் கடந்தோர் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை மருத்துவச் சான்றுடன் உரிமத்தைப் புதுப்பித்தல் வேண்டும் என்றே கூறுகிறது. ஆயினும் ஐந்தாண்டுகள் நெடிய காலம். அதற்குள் கண்ணில் புரை வளரலாம். நீரிழிவு மருந்தினால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் நேரலாம். இரவில் உண்ட தூக்க மாத்திரையின் மந்தம் காலையிலும் எஞ்சலாம்.

மலைப்பாதையோ இவையனைத்தையும் ஒருங்கே சோதிக்கும். 1944இல் திறக்கப்பட்ட முதற் பாதை இன்று மலையிறங்கும் வண்டிகளுக்குரியது. கொண்டையூசி வளைவுகள் நிறைந்தது. பிரேக்கை ஓயாது மிதித்து இறங்கினால் அது சூடேறி வலுவிழக்கும். தாழ்ந்த கியரில், விழிப்புடன் இறங்குதல் வேண்டும்.

மலைக்கு அரசு பஸ்ஸில் செல்லலாமென்றோம். "நான் கிழவனாகிவிட்டேனா?" என்றார் மாமா. அக்கேள்வியின் வருத்தம் எம்மைச் சுட்டது. வண்டி அவருக்கு வாகனம் மட்டுமன்று. பிறர் கையை எதிர்பாராத வாழ்வு. ஆகவே வாதாடவில்லை. தரிசனம் முடித்துத் திரும்பியபின், எமக்கும் கண் பரிசோதனை வேண்டுமெனக் கூறி, இருவருமாக மருத்துவரிடம் சென்றோம். எமக்குப் புதுக் கண்ணாடி, அவருக்குப் புரை. சிகிச்சைக்குப் பின் மருத்துவரின் அனுமதியுடன் இன்று பகலில், ஊருக்குள் மட்டும் ஓட்டுகிறார். இரவுப் பயணத்தையும் மலைப்பாதையையும் தாமாகவே விட்டுவிட்டார்.

நேயர்களே, நாள்தோறும் உடனிருப்போர் காணாத மாற்றம், ஆண்டுக்கொருமுறை வருவோர் கண்ணுக்குப் புலப்படும். அடுத்த முறை ஊர் செல்லும்போது பெரியவர் அருகில் அமர்ந்து ஒருநாள் பயணம் செய்யுங்கள். வண்டியில் புதுக் கீறல்கள் உளவா, பழகிய வழியில் தயக்கம் உண்டா எனக் கவனியுங்கள். சாவியைக் கேட்குமுன், மருந்துக்கும் சந்தைக்கும் கோயிலுக்கும் அவரை அழைத்துச் செல்ல ஆள் அமர்த்துங்கள். அதுவே பாதுகாப்பு, அதுவே மரியாதையுமாம்.