மேமியோ ஆஸ்பத்திரியும் நம் மருந்துப் பெட்டியும்

(தோட்டக் கிளைச் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



தோட்டத்தில் முதலுதவி என்பதைப் பற்றிப் பேசும்படி செயலாளர் நம்மைப் பணித்தார். நாம் டாக்டர் அல்லர், டிரஸரும் அல்லர். செக்ரோல் எழுதும் கிராணி. ஆகவே மருத்துவம் சொல்ல நாம் வரவில்லை. காயம்பட்ட ஒருவனைக் காப்பாற்றுவது எது என்ற ஒரே கேள்வியை உங்கள் முன் வைக்க வந்திருக்கிறோம். அந்தக் கேள்விக்கு ஒளிவு மறைவின்றிப் பதில் சொல்லும் இடம் போர்க்களத்து ஆஸ்பத்திரி. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறோம்.

நாம் சிறுபிள்ளையாக இருந்தபோது நம் லயத்தின் கடைசி வீட்டில் ஒரு பெரியவர் இருந்தார். எல்லோரும் அவரைப் 'பர்மா தாத்தா' என்றே அழைப்போம். இடக்காலைச் சற்று இழுத்து நடப்பார். அந்தக் காலோடுதான் அறுபது வயது வரை மரம் வெட்டினார். 1943ஆம் ஆண்டு ஜூலை மாதம் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூருக்கு வந்து இந்திய தேசிய இராணுவத்தின் தலைமையை ஏற்றபோது, தாத்தாவுக்கு வயது பத்தொன்பது. பால் வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பெயர் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். துப்பாக்கி தூக்கினேன் என்று அவர் என்றும் பெருமை பேசியதில்லை. "நான் சாமான் தூக்கினவன்" என்றுதான் சொல்வார். படைக்கு அரிசியும் உப்பும் கொண்டுபோகும் பிரிவில் அவரைச் சேர்த்திருந்தார்கள்.

1944ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஜப்பானியப் படையும் இந்திய தேசிய இராணுவமும் பர்மா எல்லையைக் கடந்து இம்பாலை நோக்கிச் சென்றன. ஜப்பானியர் ஏறத்தாழ மூன்று வாரத்துக்கான உணவோடு கிளம்பினார்கள். அதற்குள் இம்பால் விழுந்துவிடும், அங்குள்ள கிடங்குகள் நம்முடையவை ஆகிவிடும் என்பது அவர்கள் போட்ட கணக்கு. இம்பால் விழவில்லை, மழைதான் விழுந்தது. பாதைகள் சேறாயின, வண்டிகள் நின்றன. ஜூலையில் படை பின்வாங்கியது. அந்தப் பின்வாங்கலின்போதுதான் விமானம் தாழப் பறந்து சுட்டதில் தாத்தாவின் காலில் அடிபட்டது.

அதற்குப் பிறகு நடந்ததை அவர் பலமுறை சொல்லக் கேட்டிருக்கிறோம். கூட இருந்தவன் வேட்டியைக் கிழித்துக் கட்டினான். இரண்டு நாள் முதுகில் சுமந்தான். சிண்ட்வின் ஆற்றைப் படகில் கடந்தார்கள். பிறகு மாட்டு வண்டி, அதன்பின் எப்படிப் போனோம் என்றே அவருக்கு நினைவில்லை. காயத்தோடு மலேரியாக் காய்ச்சலும் சேர்ந்துகொண்டது. கண் விழித்தபோது மேமியோவில், மாண்டலேக்குக் கிழக்கே மலைமேல் இருக்கும் அந்த ஊரில், ஆஸ்பத்திரித் தரையில் பாயில் கிடந்தார். காக்கி உடுப்புப் போட்ட ஒரு பெண்பிள்ளை குனிந்து கேட்டாளாம்: "அண்ணே, நீங்க எந்தத் தோட்டம்?"

"அந்த ஒரு கேள்வியிலேயே பாதிக் காய்ச்சல் இறங்கிப்போச்சு" என்பார் தாத்தா. சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "மீதிப் பாதிதான் இறங்கல" என்பார்.

தோழர்களே, அந்தப் பெண்பிள்ளைகள் யார்? ஜான்சி ராணிப் படையினர். 1943 அக்டோபரில் சிங்கப்பூரில் அவர்களுக்குப் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. அதற்குத் தலைமை தாங்கியவர் டாக்டர் லட்சுமி சுவாமிநாதன். சென்னையில் மருத்துவம் படித்து, சிங்கப்பூரில் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தவர், பின்னாளில் கேப்டன் லட்சுமி என்று உலகம் அறிந்தவர், 2012இல் மறைந்தார். அந்தப் படையில் சேர்ந்தவர்களில் மிகப் பலர் நம் மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழ்ப் பெண்கள். போருக்குப் போகவேண்டும் என்று துடித்தார்கள். இம்பாலிலிருந்து திரும்பியவர்கள் கூட்டங்கூட்டமாக வந்து விழுந்தபோது, மேமியோவில் அவர்கள் கையில் எடுத்தது கட்டுத்துணியும் கஞ்சிக் கிண்ணமும்.

தாத்தாவின் பக்கத்துப் பாயில் ஒரு பையன். உடம்பில் ஒரு குண்டுக் காயமும் இல்லை, வெறும் காய்ச்சல். அந்தப் பெண் மூன்று இரவு அவன் நெற்றியில் ஈரத்துணி மாற்றிக்கொண்டே இருந்தாளாம். நான்காம் நாள் விடியலில் துணியால் முகத்தை மூடினாள். "கொயினா இருந்திருந்தா பொழைச்சிருப்பாண்ணே" என்று மட்டும் சொன்னாள். பிறகு எழுந்து, முந்திய நாள் அவிழ்த்த பழைய கட்டுத்துணிகளைக் கொதிக்க வைக்கப் போய்விட்டாள். புதுத் துணி ஏது? அதையே துவைத்து, கொதிக்க வைத்து, காயவைத்து அடுத்தவனுக்குக் கட்டவேண்டும்.

இது ஒரு பையனின் கதை மட்டும் அன்று. அந்தப் படையெடுப்பில் முன்னணிக்குப் போன இந்திய தேசிய இராணுவத்தார் ஏறத்தாழ 6,000 பேர் என்று வரலாற்று நூல்கள் கணக்குச் சொல்கின்றன. சண்டையில் மாண்டவர்கள் ஏறத்தாழ 400. பட்டினியாலும் நோயாலும் மாண்டவர்கள் ஏறத்தாழ 1,500. திரும்பி வந்த 2,600 பேரில் 2,000 பேரை நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. தோட்டா ஒருவனைக் கொன்றால், கொசுவும் வயிற்றுக்கடுப்பும் பசியும் நான்கு பேரைக் கொண்டுபோயின.

இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். அந்தக் காலத்தில் உலகத்துக் கொயினாவில் பெரும்பகுதி ஜாவாத் தீவின் சிங்கோனா மரப்பட்டையிலிருந்து வந்தது. 1942 மார்ச் மாதத்திலிருந்து ஜாவா யார் கையில் இருந்தது? ஜப்பானியர் கையில்! ஆக, மருந்து உலகத்தில் இல்லாமல் போகவில்லை. மருந்து விளைகிற தீவையே கையில் வைத்திருந்தவர்களோடு சேர்ந்து போரிட்டவன் மருந்தில்லாமல் செத்தான். மருந்து ஓரிடத்தில் இருந்தது, நோயாளி வேறிடத்தில் கிடந்தான். நடுவில் பாதை இல்லை, வண்டி இல்லை, கேட்பார் இல்லை.

சரி, எதிர்ப்பக்கம் எப்படி இருந்தது? அங்கும் தொடக்கத்தில் இதே கதைதான். ஜெனரல் ஸ்லிம் என்பவர் 14ஆம் படையின் தலைவர். அவர் எழுதிவைத்த கணக்குப்படி, 1943இல் காயம்பட்டுப் பின்னால் அனுப்பப்பட்ட ஒவ்வொருவனுக்கும் நோயால் அனுப்பப்பட்டவர்கள் 120 பேர். மலேரியா வந்தவனை நூற்றுக்கணக்கான மைல் கடந்து இந்தியாவுக்கு அனுப்புவார்கள். அவன் திரும்பிவர ஐந்து மாதம் ஆகும். பிறகு முறையை மாற்றினார்கள். சண்டை நடக்கும் இடத்துக்குச் சில மைல் பின்னாலேயே கூடாரம் அடித்து மலேரியா ஆஸ்பத்திரி வைத்தார்கள். காய்ச்சல் கண்ட ஒரு நாளுக்குள் அவன் அங்கே கட்டிலில் இருப்பான். மூன்று வாரத்தில் குணமாகித் தன் பிரிவுக்குத் திரும்புவான். படுகாயம் பட்டவர்களை விமானத்தில் ஏற்றினார்கள்.

காய்ச்சல் வராமல் தடுக்க மெப்பக்ரின் என்ற மஞ்சள் மாத்திரை கொடுத்தார்கள். தோல் மஞ்சளாகும், ஆண்மை போய்விடும் என்று வதந்தி வேறு. சிப்பாய்கள் வாயில் போட்டுத் துப்பினார்கள். ஸ்லிம் என்ன செய்தார்? திடீரென்று ஒரு பிரிவைச் சோதிப்பார். மாத்திரை விழுங்காதவர்கள் அதிகம் இருந்தால், சிப்பாயை அல்ல, அந்தப் பிரிவின் தலைமை அதிகாரியைப் பதவியிலிருந்து நீக்குவார். மூன்று அதிகாரிகளை நீக்கினார். மற்றவர்களுக்குச் செய்தி எட்டிவிட்டது. தோழர்களே, இதை நன்றாக மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். கீழே இருப்பவன் நோயில் விழுந்தால் மேலே இருப்பவன் பதில் சொல்லவேண்டும் என்று ஆனபிறகுதான் காய்ச்சல் இறங்கியது.

நம் தாத்தா அந்த ஆஸ்பத்திரியையும் பார்த்தார். 1945 மே மாதம் ரங்கூன் வீழ்ந்தபின் கைதியானார். மறுபடியும் காய்ச்சல். கூடாரத்தில் கொண்டுபோய்ப் போட்டார்கள். அங்கே வேலை பார்த்த பையனும் தமிழன்தான். மதராஸ் பக்கத்திலிருந்து பிரிட்டிஷ் இந்தியப் பட்டாளத்தில் சேர்ந்தவன். எந்த ஊர், எந்தத் தோட்டம் என்று அவன் கேட்கவில்லை. கழுத்தில் ஒரு சீட்டைக் கட்டினான், மாத்திரையை எண்ணிக் கையில் கொடுத்தான், விழுங்கும்வரை நின்றான், அடுத்த கட்டிலுக்குப் போனான். சில நாளில் காய்ச்சல் விட்டது.

"மேமியோவில அந்தப் பிள்ளை பார்த்த பார்வை இன்னும் கண்ணில நிக்குது. இந்தப் பையன் முகம் ஞாபகம்கூட இல்ல. ஆனா உயிர் இவன் கையாலதான் திரும்பிச்சு" என்பார் தாத்தா. அந்தப் பெண்ணின் கையில் அந்த மாத்திரை இருந்திருந்தால் பக்கத்துப் பாயில் கிடந்த பையனும் ஊர் திரும்பியிருப்பான். இதுதான் அவர் சொல்லாமல் விட்டது.

இதை எதற்காக இங்கே சொல்கிறோம்? அந்தப் பெண்களின் தொண்டைக் குறைத்துப் பேச அல்ல. அந்தக் கைகளை நாம் வணங்குகிறோம். ஆனால் அன்புள்ள கைகளில் மருந்தைக் கொண்டுவந்து சேர்ப்பது இன்னொருவர் கடமை. அந்தக் கடமை தவறும்போது அன்பு, பிணத்தின் முகத்தை மூடுவதற்குத்தான் பயன்படுகிறது.

இனி நம் தோட்டத்துக்கு வருவோம். சென்ற ஆண்டு மழைக்காலத்தில் நம் சகோதரி ஒருவர் நிரையில் வழுக்கி விழுந்தார். பால்வெட்டுக் கத்தி முழங்கையில் ஆழமாக இறங்கிவிட்டது. ஸ்டோரிலிருந்த முதலுதவிப் பெட்டியைத் திறந்தோம். உள்ளே பழுப்பேறிய பஞ்சு ஒரு சுருள், காலி மருந்துப் போத்தல் ஒன்று, செத்த பல்லி ஒன்று. பக்கத்து நிரையில் வெட்டிக்கொண்டிருந்த பெண்கள் தங்கள் தலைத்துணியை அவிழ்த்துக் கட்டினார்கள். வண்டி வர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. உயிர் பிழைத்தார், இரண்டு விரல்கள் இன்றும் மடங்குவதில்லை. பிறகு நிர்வாகத் தரப்பிலிருந்து ஒருவர் வந்து, "உங்கள் ஆட்களுக்குள் நல்ல ஒற்றுமை, தலைத்துணியைக்கூடக் கொடுத்திருக்கிறார்களே!" என்று பாராட்டினார். நாமும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றோம். அந்தப் பெட்டியின் இருப்புக் கணக்கை எழுதவேண்டிய கிராணிகளில் நாமும் ஒருவர் என்பதை இந்த மேடையில் ஒப்புக்கொள்கிறோம். பல மாதங்களாக அதைத் திறந்து பார்க்காமலே கணக்கில் 'சரி' என்று எழுதியிருந்தோம். அந்த வெட்கந்தான் இன்று நம்மைப் பேச வைக்கிறது.

ஆகவே இந்தக் கூட்டத்தின் முன் மூன்று காரியங்களை வைக்கிறோம். ஒன்று: மாதத்தின் முதல் நாள், ஒரு பால்வெட்டுத் தொழிலாளி, ஒரு கிராணி, நிர்வாகத்தின் ஆள் ஒருவர் ஆகிய மூவரும் சேர்ந்து பெட்டியைத் திறந்து, எண்ணி, மூவரும் கையெழுத்திடவேண்டும். இரண்டு: வேலை நடக்கும் நேரமெல்லாம் காயம்பட்டவரை ஏற்றிச்செல்ல எந்த வண்டி, யார் ஓட்டுவது என்பது பெரட்டுக் களத்தில் எழுதி ஒட்டப்படவேண்டும். மூன்று: ஒவ்வொரு பிரிவிலும் இருவருக்காவது, அதில் ஒருவர் பெண்ணாக, முறையான முதலுதவிப் பயிற்சி தரவேண்டும், பயிற்சி நாளுக்குச் சம்பளமும் தரவேண்டும். பெட்டி காலியாக இருந்தால் யார் பதில் சொல்வது என்பதும் பெயரோடு எழுதப்படட்டும். அந்தப் பெயர் நம்முடையதானாலும் சரியே.

இவை பிச்சையல்ல, சலுகையும் அல்ல. தலைத்துணி கொடுத்த நம் பெண்களின் கையில் அடுத்த முறை சுத்தமான கட்டுத்துணி இருக்கவேண்டும் என்கிறோம், அவ்வளவுதான்.

தீர்மானத்தை முன்மொழிந்து அமர்கிறோம். ஆதரிப்பவர்கள் கை உயர்த்துங்கள். இரண்டு விரல் மடங்காத அந்தச் சகோதரி முன் வரிசையில்தான் அமர்ந்திருக்கிறார். அவர் கையே முதலில் உயரட்டும்.

வாழ்க தொழிலாளர் ஒற்றுமை!