மணைமேல் ஒரு யானை



இலையுதிர்காலத்தை வரையச் சொன்னால் நம் பிள்ளைகள் உடனே சிவந்த மேப்பிள் இலையையும் மொட்டை மரத்தையும் வரைந்துவிடுகிறார்கள். வாழ்த்து அட்டையில் பார்த்த படம் அது. புனே நகரத்தில் அக்டோபர் மாதம் நடந்து பாருங்கள்: மழையில் குளித்த மரங்கள் பச்சைப்பசேல் என்று நிற்கும். அங்கே இலை கொட்டுவதெல்லாம் பெரும்பாலும் மாசி, பங்குனியில்தான்.

தென்மேற்குப் பருவமழை விடைபெறும் இந்தப் பருவத்தை மராட்டியர் 'சரத்' என்கிறார்கள். இதற்கென்றே அவர்களிடம் ஒரு கோலம் இருக்கிறது. அது யானைக் கோலம்.

நவராத்திரி நாட்களில் பெண்பிள்ளைகள் கூடி ஆடும் ஆட்டத்துக்குப் 'போண்ட்லா' என்று பெயர். நடுவில் ஒரு மணை. அதன்மேல் ரங்கோலிப் பொடியாலோ தானியத்தாலோ வரைந்த யானை. அதைச் சுற்றிக் கைகோத்து ஆடிப் பாடுவார்கள். முதல் நாள் ஒரு பாட்டு, மறுநாள் இரண்டு, அதற்கடுத்த நாள் மூன்று என்று கூடிக்கொண்டே போகும். முடிவில் மூடிய டப்பாவைக் குலுக்கிக் காட்டி, உள்ளே என்ன பட்சணம் என்று கேட்பார்கள். கண்டுபிடித்த பிறகுதான் பங்கு!

அது சரி, ஏன் யானை? செப்டம்பர் கடைசியில் சூரியன் அஸ்த நட்சத்திரத்துக்கு வருகிறது. அஸ்தத்தின் வடமொழிப் பெயரான 'ஹஸ்தம்' என்றால் கை. கையுள்ள விலங்கு மராட்டியில் 'ஹத்தி', அதாவது யானை. பழந்தமிழும் யானையைக் 'கைம்மா' என்றுதான் அழைத்தது. சூரியன் அஸ்தத்தில் இருக்கும் இரண்டு வாரத்து மழை, அடுத்த விதைப்புக்கு மண்ணில் ஈரம் சேர்த்துவிட்டுப் போகும். ஆகவே மணைமேல் நிற்கும் யானை, உழவன் மழைக்குச் சொல்லும் நன்றி.

வரையும் விதத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். நம் அரிசி மாவைப் போலன்றி, அங்கே வெள்ளைக்கல்லை அரைத்த பொடி. விரலிடுக்கில் மணல்போல் வழுக்கி இறங்கும். முதுகுக்கு ஒரே வளைவு, துதிக்கைக்கு ஒரு சுழி. பிறகுதான் பொறுமையான வேலை: நெற்றியில் புள்ளி வரிசை, முதுகு விரிப்பில் கட்டம் கட்டமாகக் கோடு, ஓரத்தில் அலையலையாக வளைவு. அந்த அடுக்குதான் யானைக்கு அழகு.

தசரா அன்று 'ஆப்டா' இலையைத் தங்கம் என்று சொல்லி ஒருவருக்கொருவர் கொடுப்பார்கள். நமக்குத் தெரியாத மரமில்லை. சோழர் சூடிய ஆத்திதான் அது. இரண்டாகப் பிளந்த அந்த இலையைத் தாளில் வைத்து விளிம்பை வரைந்து, நான்கை ஒரு புள்ளியைச் சுற்றி அடுக்கினால் ஒரு பூ மலரும்.

நமக்கும் இந்தப் பருவத்தில் வரைய எவ்வளவோ உண்டு. புரட்டாசியில் தாழப் பறக்கும் தட்டான், ஐப்பசி அடைமழையின் தாரை, கொலுவின் படிகள். பிள்ளைகளை இன்று மாலை வாசலுக்கு அழைத்துச் சென்று, கண்ணில் படும் ஒன்றைக் காட்டுங்கள். புள்ளி வைத்து அதையே வரையச் சொல்லுங்கள். தன் ஊரின் பருவத்தை விரலால் அறிந்த பிள்ளை, அதை மறக்காது.