டயரில் காற்று குறைகிறது என்று வண்டி சொன்னால்

(மதரஸா கூடத்தில் அஸர் தொழுகைக்குப் பின் நடந்த குடும்ப நலக் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



ஜமாஅத்துப் பெரியவர்களே, தாய்மார்களே, வண்டி ஓட்டும் தம்பிமார்களே! வழக்கமாக இந்தக் கூட்டத்தில் கல்வி உதவி, மருத்துவ உதவி, ஜகாத் வசூல் பற்றிப் பேசுவோம். இன்று கார் டயரைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் சிலர் சிரித்தீர்கள். நான் மெக்கானிக் இல்லை. மதரஸாவில் ஓதி, கல்லூரியில் படித்து, கணக்கு எழுதிப் பழகியவன். ஆனால் நான் செய்த ஒரு தவறுதான் இந்தப் பேச்சுக்குக் காரணம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நம் அறக்கட்டளையின் கார் உங்கள் பணத்தில் வாங்கியது. நோயாளிகளைச் சேலத்துக்கு அழைத்துப் போவதற்கென்றே இருப்பது. சென்ற மழைக்காலத்தில் ஒரு நாள் நம் ஓட்டுநர் தம்பி வந்து, "பாய், டேஷ்போர்டுல மஞ்சள் விளக்கு எரியுது. காத்து பிடிச்சா அணையுது. ரெண்டு நாள்ல திரும்ப எரியுது" என்றார். நான் ரசீதுகளில் மூழ்கியிருந்தேன். "குளிருக்கு அப்படித்தான் எரியும். வண்டி ஓடுதுல்ல? ஓட்டுங்க" என்றேன். அடுத்த வாரமும் வந்து சொன்னார். "கண்ணை உறுத்தினா ஒரு டேப் ஒட்டிக்கங்க" என்றேன். ஒட்டிவிட்டார். செயலாளரே சொன்னால் அந்தப் பிள்ளை வேறென்ன செய்யும்?

பத்து நாள் கழித்து, டயாலிசிஸுக்குப் போகும் ஒரு நன்னிமாவை ஏற்றிக்கொண்டு காலை ஆறு மணிக்கு மலை இறங்கினோம். நான் முன் சீட்டில் இருந்தேன். டேப்பின் ஓரத்தில் மஞ்சள் வெளிச்சம் கசிவது என் கண்ணுக்கே தெரிந்தது. பாதி மலை இறங்கியபோது ஒரு வளைவில் வண்டி இடப்பக்கம் இழுத்தது. முன் டயர் உட்கார்ந்துவிட்டது. பனிமூட்டம். பின்னால் லாரியின் ஹாரன். ஒதுங்க இடம் கிடைக்கும்வரை அப்படியே உருட்டிக்கொண்டு போனோம். டிக்கியைத் திறந்தால் ஸ்டெப்னி இல்லை. ஒரு சின்னக் காற்றுப் பம்பும் ஒரு திரவ பாட்டிலும் இருந்தன. வண்டி வாங்கும்போது அதற்குக் கையெழுத்துப் போட்டதும் நான்தான். அதை எப்படிப் பயன்படுத்துவது என்று எங்கள் இருவருக்குமே தெரியாது.

நன்னிமா முக்கால் மணி நேரம் குளிரில் காத்திருந்தார். "பரவாயில்ல தம்பி, நீங்க கவலைப்படாதீங்க" என்று அவர்தான் எனக்கு ஆறுதல் சொன்னார். கடைசியில் ஒரு சுற்றுலா வேன்காரர் ஏற்றிக்கொண்டு போனார். அதற்குள் அவருடைய முறை போய்விட்டது. மாலை வரை காத்திருந்து டயாலிசிஸ் செய்துகொண்டார். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

பஞ்சர் கடையில் சோப்புத் தண்ணீர் விட்டுப் பார்த்தார்கள். வால்வின் அடியில் இருக்கும் ரப்பர் வாஷரில் கசிவு. முதல் நாளே காட்டியிருந்தால் சில நூறு ரூபாயில் முடிந்திருக்கும். காற்றில்லாமல் உருண்டதில் டயரின் பக்கச்சுவர் உட்புறம் அரைபட்டுப்போனது. புது டயர் வாங்கினோம். அந்தப் பணத்தை நான் கைக்காசாகக் கட்டிவிட்டேன். ஆனால் அந்த முக்கால் மணி நேரத்தை யாருக்கு எப்படித் திருப்பிக் கட்டுவது?

அதற்குப் பிறகுதான் இந்த விளக்கு என்னவென்று கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டேன். தெரிந்துகொண்டதை உங்களிடம் ஒப்படைக்கிறேன்.

அடியில் தட்டையாக, இரு பக்கமும் வளைந்து, நடுவில் ஒரு ஆச்சரியக்குறி. டயரைக் குறுக்கே வெட்டிப் பார்த்தது போன்ற படம். இதுதான் டயர் பிரஷர் மானிட்டரிங் சிஸ்டத்தின் அடையாளம். சுருக்கமாக டி.பி.எம்.எஸ். என்கிறார்கள். இது சும்மா வந்ததல்ல. அமெரிக்காவில் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் ஃபயர்ஸ்டோன் டயர்கள் பிய்ந்து, வண்டிகள் கவிழ்ந்து, இருநூறுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். 2000-ஆம் ஆண்டு சுமார் 65 லட்சம் டயர்கள் திரும்பப் பெறப்பட்டன. அதையொட்டி வந்த சட்டத்தால்தான் அங்கே எல்லாப் புதுக் கார்களிலும் இந்த எச்சரிக்கை கட்டாயமானது. ஐரோப்பாவில் 2014 நவம்பரிலிருந்து எல்லாப் புதுக் கார்களிலும் கட்டாயம். நம் நாட்டிலும் இப்போது பல கார்களில் வருகிறது.

இதில் இரண்டு வகை உண்டு. முதல் வகையில் ஒவ்வொரு சக்கரத்தின் உள்ளேயும், வால்வை ஒட்டி, ஒரு சிறு சென்சார் இருக்கும். அதற்குள் பேட்டரி உண்டு. காற்றை அளந்து ரேடியோ வழியாக வண்டிக்குச் சொல்லும். பேட்டரி பொதுவாக ஐந்து முதல் பத்து வருடம் வரை உழைக்கும். இரண்டாம் வகையில் சக்கரத்துக்குள் எதுவும் இல்லை. காற்று குறைந்த டயரின் சுற்றளவு சற்றுச் சுருங்கும். அதனால் அந்தச் சக்கரம் மற்றவற்றைவிட வேகமாகச் சுற்றும். ஏ.பி.எஸ். பிரேக்குக்காக உள்ள சென்சார் அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கும். இந்த வகையில் காற்று சரிசெய்தபின் ரீசெட் பட்டனை அழுத்தவேண்டும், அல்லது திரையில் ரீசெட் செய்யவேண்டும். குறைந்த காற்றிலேயே ரீசெட் செய்தால் வண்டி அதையே சரியான அளவு என்று நம்பிவிடும். நான்கு டயரிலும் ஒரே அளவு காற்று குறைந்தாலும் இந்த வகை ஏமாந்துபோக வாய்ப்பு உண்டு. உங்கள் வண்டி எந்த வகை என்று கையேட்டில் பாருங்கள். திரையில் நான்கு டயருக்கும் தனித்தனியாக எண் காட்டினால் பெரும்பாலும் முதல் வகை.

விளக்கு மூன்று விதமாகப் பேசும். விடாமல் எரிந்தால், ஏதோ ஒரு டயரில் காற்று குறைவு. வண்டியைக் கிளப்பியதும் ஒரு நிமிடத்துக்கு மேல் மினுக்கி, பிறகு நிலையாக எரிந்தால், அந்த ஏற்பாட்டிலேயே கோளாறு. சென்சார் பேட்டரி தீர்ந்திருக்கலாம், டயர் மாற்றும்போது உடைந்திருக்கலாம். காற்று பிடித்தால் அணைந்து, சில நாளில் மீண்டும் எரிந்தால் எங்கோ கசிவு இருக்கிறது. எனக்கு வந்தது இந்த மூன்றாவது பேச்சு. நான்தான் காது கொடுக்கவில்லை.

இனி நம் மலைக்கு வருவோம். "குளிருக்கு எரியும்" என்று நான் சொன்னேனே, அது உண்மையா? கணக்குப் போட்டுப் பார்த்தேன். டயருக்குள் 10 டிகிரி வெப்பம் குறைந்தால் காற்று சுமார் ஒன்றரை பி.எஸ்.ஐ. குறையும். நைட்ரஜன் அடைத்தாலும் கிட்டத்தட்ட இதே கணக்குதான். சேலம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். மேலே ஏற ஏற வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால், கையில் வைத்துப் பார்க்கும் கேஜ் சுமார் 2 பி.எஸ்.ஐ. கூட்டிக் காட்டும். சேலத்தில் 36 டிகிரி வெயிலில் 33 வைத்த டயர், ஏற்காட்டின் 14 டிகிரி காலையில் எவ்வளவு காட்டும்? குளிரால் மூன்றரை குறையும், உயரத்தால் 2 கூடும். ஆக ஏறக்குறைய 31 அல்லது 32. விளக்கு எப்போது எரியும்? வண்டியைப் பொறுத்து, சொல்லப்பட்ட அளவில் 20 முதல் 25 சதவீதம் குறைந்தால். 33-க்கு அது ஏறக்குறைய 25 அல்லது 26. ஆகவே சரியாகக் காற்று வைத்த டயரில் நம்மூர்க் குளிர் மட்டும் விளக்கை எரிய வைக்காது. ஏற்கெனவே குறைந்திருந்த டயரைத்தான் குளிர் காட்டிக்கொடுக்கிறது.

இன்னொரு குழப்பமும் வரும். பல சென்சார்கள் வெளிக்காற்றையும் சேர்த்த முழு அழுத்தத்தை அளந்து, கடல்மட்ட அளவைக் கழித்துக் காட்டுபவை. அப்படிப்பட்ட வண்டியில் ஏற்காட்டில் திரை காட்டுவது கேஜைவிட 2 பி.எஸ்.ஐ. குறைவாக இருக்கலாம். நான்கும் ஒன்றுபோலக் குறைந்தால் பயப்பட வேண்டாம். ஒன்று மட்டும் தனியாகக் குறைந்தால் அந்த டயரைப் பாருங்கள்.

காற்று குறைந்த டயர் நம் மலைப்பாதையில் ஏன் ஆபத்து? பக்கச்சுவர் அளவுக்கு மேல் மடங்கி மடங்கிச் சூடாகும். 20 கொண்டை ஊசி வளைவிலும் வண்டியின் பாரம் வெளிப்பக்க டயர்களில் அதிகமாகச் சாயும். இறங்கும்போது பிரேக் சூடும் சேரும். 2024 ஏப்ரல் கடைசியில் இந்தப் பாதையில் தனியார் பேருந்து கவிழ்ந்து உயிர்கள் போனதை நாம் மறக்கவில்லை. அதற்குக் காரணம் டயர் என்று நான் சொல்லவில்லை. இந்தப் பாதை தவறுக்கு எவ்வளவு குறைந்த இடம் தருகிறது என்று சொல்கிறேன். அதே வருடம் டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் பாதையில் மண் சரிந்ததையும் பார்த்தோம். அப்படிப்பட்ட நாளில் உதவிக்கு ஆள் வரவும் நேரமாகும்.

செய்யவேண்டியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

காலையில் வண்டி எடுக்குமுன், டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றைப் பாருங்கள். எவ்வளவு வைப்பது என்பது ஓட்டுநர் கதவின் உட்பக்கத் தூணில் ஒட்டியிருக்கும். ஆள் குறைவாக இருக்கும்போது ஒரு அளவு, முழு பாரத்துக்கு ஒரு அளவு. டயரின் மேல் அச்சடித்திருப்பது அதிகபட்ச அளவு, அதை வைக்கக்கூடாது. மலை இறங்கி அடிவாரத்தில் பார்த்தால் சூட்டில் அதிகமாகக் காட்டும். அப்போது காற்றை இறக்கிவிடாதீர்கள். காலால் உதைத்துப் பார்ப்பது அளவு ஆகாது.

ஓடும்போது விளக்கு எரிந்தால் திடீரென்று பிரேக் போடாதீர்கள். வளைவில் நிறுத்தாதீர்கள். வேகத்தைக் குறைத்து, நேரான அகலமான இடம் வந்ததும் ஒதுக்குங்கள். நான்கு பக்க இண்டிகேட்டரையும் போட்டு, கியரில் விட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். ஆட்களை மலைச்சுவர்ப் பக்கம், வண்டியைவிட்டுத் தள்ளி நிறுத்துங்கள், பள்ளத்துப் பக்கம் வேண்டாம். டயரில் ஆணி இருந்தால் பிடுங்காதீர்கள். பிடுங்கினால் மிச்சக் காற்றும் போய்விடும். புறப்படும்போது அந்தக் கல்லை எடுத்து ஓரத்தில் போடுங்கள். பாதையில் தொல்லை தருவதை அகற்றுவதும் ஈமானின் ஒரு கிளை என்று ஓதியவர்கள் நாம். நாம் விட்டுவந்த கல்லில் இரவில் ஒரு பைக் பிள்ளை விழக்கூடாது.

உங்கள் டிக்கியை இன்று வீட்டுக்குப் போனதும் திறந்து பாருங்கள். 2020-இல் வந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தத்தின்படி, டியூப்லெஸ் டயரும் டி.பி.எம்.எஸ்-உம் பஞ்சர் கிட்டும் உள்ள கார்களுக்கு ஸ்டெப்னி இல்லாமலும் விற்கலாம். கிட் இருந்தால் திரவத்தின் காலாவதித் தேதியைப் பாருங்கள். அது ஆணி குத்திய சிறு துளையை அடைக்கும், பக்கச்சுவர் கிழிந்தால் உதவாது. ஊற்றியபின் மெதுவாக ஓட்டி நேராகப் பஞ்சர் கடைக்குப் போங்கள். திரவம் ஊற்றியதையும் உள்ளே சென்சார் இருப்பதையும் கடைக்காரரிடம் முதலிலேயே சொல்லுங்கள். இல்லாவிட்டால் டயரைக் கழற்றும் கடப்பாரை சென்சாரை உடைத்துவிடும்.

பழைய வண்டிக்காரர்கள் வால்வு மூடிபோலத் திருகும் சென்சார் வாங்கிப் பொருத்தலாம். பொருத்தியபின் சோப்புத் தண்ணீர் தடவிக் கசிவு பாருங்கள். அதுவும் வேண்டாம் என்றால் ஒரு நல்ல கேஜ் போதும். டி.பி.எம்.எஸ். இருக்கும் வண்டிக்கும் மாதம் ஒருமுறை கேஜ் தேவைதான். ஏனென்றால் கால் பங்கு காற்று போனபிறகுதான் விளக்கு பேசும்.

கடைசியாக, அறக்கட்டளை எடுத்திருக்கும் முடிவுகள். நம் காருக்கு ஸ்டெப்னி வாங்கியாகிவிட்டது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமை காலையும் நான்கு டயரின் அளவும் நோட்டில் எழுதப்படும். யாரும் வந்து பார்க்கலாம். அலுவலகத்தில் இரண்டு கேஜ் இருக்கிறது. ஜமாஅத்தார் யார் கேட்டாலும் கொடுப்போம். வரும் ஞாயிற்றுக்கிழமை அஸருக்குப் பின் பள்ளிவாசல் வாசலில் டயர் மாற்றவும் பஞ்சர் கிட் பயன்படுத்தவும் கற்றுத்தருவோம். பெண்களும் வாருங்கள், வண்டி ஓட்டும் சகோதரிகள் இப்போது நம்மிடம் பலர்.

எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்று. "வண்டி எடுக்க முடியாது" என்று ஓட்டுநர் தம்பி சொன்னால், அன்று வண்டி எடுக்கப்படாது. செயலாளர் சொன்னாலும் சரி, தலைவர் சொன்னாலும் சரி. வேறு வண்டி பிடித்து நோயாளியை அனுப்புவது என் பொறுப்பு. இதை நிர்வாகக் குழுத் தீர்மானமாகவே எழுதிவிட்டோம்.

அந்த டேப்பை அன்று மாலையே நான் என் கையால் உரித்தேன். அதன் பசை இன்னும் கொஞ்சம் டேஷ்போர்டில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. துடைக்க வேண்டாம் என்று தம்பியிடம் சொல்லியிருக்கிறேன்.

வஸ்ஸலாம்.