இரும்புப் பெண்மணி: ஒரு பட்டப்பெயரின் கதை

(பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இந்திரா காந்தி முதல் ஜெயலலிதா வரை, பெண் தலைவர் ஒருவர் உறுதியாக இருந்துவிட்டால் உடனே 'இரும்புப் பெண்மணி'ன்னு சொல்லிடுறோம். இந்தப் பட்டம் பிறந்தது புகழ்ச்சியில் இல்லைங்க, கேலியில்!

1976 ஜனவரி 19. மார்கரெட் தாட்சர் அப்போது பிரிட்டனின் எதிர்க்கட்சித் தலைவர். சோவியத் யூனியனின் படைபலப் பெருக்கத்தைக் கண்டித்து லண்டனில் பேசினார். ஐந்தே நாளில், ஜனவரி 24 அன்று, 'சிவப்பு நட்சத்திரம்' என்ற சோவியத் இராணுவப் பத்திரிகை அவரை 'இரும்புப் பெண்மணி' என்று கிண்டலடித்தது. எழுதியவர் யூரி கவ்ரிலோவ் என்ற இராணுவ அதிகாரி. தாட்சர் கோபப்படவில்லை. ஜனவரி 31 அன்று தம் தொகுதிக் கூட்டத்தில் அந்தப் பெயரைத் தாமே சொல்லி ஏற்றுக்கொண்டார். வசையாக வந்தது ஒரே வாரத்தில் விருதாகிவிட்டது! 1979-இல் பிரதமரும் ஆனார்.

சர்தார் பட்டேலையும் 'இரும்பு மனிதர்' என்கிறோமே என்பீர்கள். சமஸ்தானங்களை ஒன்றிணைத்தவருக்கு நாடு தந்த பாராட்டு அது. ஆணின் உறுதிக்கு மரியாதை. பெண்ணின் உறுதிக்கு முதலில் கிண்டல். இன்றும் சைட்டில் கண்டிப்பாக வேலை வாங்கும் ஆண் இன்ஜினீயர் 'திறமைசாலி'. அதையே ஒரு பெண் செய்தால், 'அந்தம்மாவுக்குத் திமிரு'ங்கிறாங்க.

இரும்பைப் பற்றி நமக்குத் தெரியாததா? சுத்த இரும்பு மென்மையானது. கொஞ்சம் கார்பன் சேர்ந்தால் எஃகு; பாரமும் தாங்கும், வளைந்தும் கொடுக்கும். கார்பன் 2 சதவீதத்தைத் தாண்டினால் வார்ப்பிரும்பு. கடினம்தான், ஆனா வளையாது, உடைஞ்சிடும். ஆக்ஸ்போர்டில் வேதியியல் படித்த தாட்சருக்கும் இது தெரிந்திருக்கும். ஆனாலும் தலைவரியிலும் ஐரோப்பா விஷயத்திலும் அவர் வளைந்து கொடுக்கவில்லை. 1990 நவம்பரில் சொந்தக் கட்சிக்காரர்களே அவரைப் பதவி விலக வைத்தார்கள்.

மாணவிகளே, பட்டப்பெயருக்குப் பயந்து உங்கள் உறுதியைக் குறைத்துக்கொள்ளாதீர்கள். எஃகாக இருங்கள். மாணவர்களே, உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். நாளை ஒரு பெண் உங்களுக்கு மேலதிகாரியாக வருவார். அவர் உறுதியாக ஒரு முடிவெடுத்தால் 'இரும்பு'ன்னு வியக்கவும் வேண்டாம், கேலி செய்யவும் வேண்டாம். முடிவு சரியா, தப்பான்னு மட்டும் பாருங்க. அதுவே அவருக்கு நீங்கள் தரும் உண்மையான மரியாதை.