பம்புக் கொட்டிலில் இரண்டு கேஜ் வேண்டும்

(லிந்துலையில் நடந்த தோட்டக் கமிட்டித் தலைவர்கள் கூட்டத்தில் ஓய்வுபெற்ற பெக்டரி பிட்டர் ஒருவர் ஆற்றிய உரை)



சம்பளத்தைப் பற்றியும் வீட்டைப் பற்றியும் எனக்கு முன்னால் பேசிவிட்டார்கள். நான் தண்ணீரைப் பற்றிப் பேசுகிறேன்.

நம் பக்கத்தில் ஆறு பள்ளத்தில் ஓடுகிறது. லயம் மேட்டில் இருக்கிறது. மேலே ஊற்று வற்றினால் பம்பிதான் கதி. அது நின்ற நாளில், பகலெல்லாம் கொழுந்தெடுத்த கைதான் மாலையில் குடமும் தூக்குகிறது.

நான் பார்த்த ஒரு தோட்டத்தில் ஒரே வருடத்தில் இரண்டு தடவை மோட்டர் எரிந்தது. "லயத்து ஆட்கள் பைப்பைத் திறந்தபடியே விடுகிறார்கள்" என்றார்கள். இல்லை என்று சொல்ல நமக்கு வாய் இருந்தது, சாட்சி இல்லை. கழற்றிப் பார்த்தால், உறிஞ்சும் பைப்பின் அடிச் சல்லடை முழுக்க இலையும் சேறும். தண்ணீர் ஏறாமல் பம்பி வெறுமனே சுழன்று சீல் கருகி, அதன் வழியே தண்ணீர் கசிந்து மோட்டர் எரிந்திருக்கிறது. அந்தப் பம்பியில் ஒரு கேஜ்கூட இருக்கவில்லை.

கேஜ் என்றால் அமுக்கத்தைக் காட்டும் வட்ட மீற்றர். இரண்டு வேண்டும். ஒன்று, தண்ணீரை மேலே தள்ளும் பக்கத்தில். 10 மீற்றர் உயரத்துக்கு ஏறக்குறைய 1 பார் அமுக்கம் வேண்டும். டாங்கி 60 மீற்றர் மேலே இருந்தால், பம்பி ஓடும்போது முள் 6 பாருக்குச் சற்று மேலே நிற்கும். வழக்கத்தைவிட இறங்கினால் பைப் வெடித்திருக்கலாம், அல்லது பம்பிக்குத் தண்ணீர் போதவில்லை. மிகவும் ஏறினால் மேலே அடைப்பு, அல்லது வால்வு மூடிக் கிடக்கிறது.

மற்றது, உறிஞ்சும் பக்கத்தில், வெற்றிடம் காட்டும் கேஜ். சல்லடை அடைபட அடைபட அந்த முள் ஏறும். மோட்டர் எரிவதற்கு முன்பே அது சொல்லிவிடும். இன்னொன்றையும் மறக்காதீர்கள்: நாம் 1,200 மீற்றருக்கு மேல் வாழ்கிறோம். இங்கே காற்றின் அமுக்கம் குறைவு. எந்தப் பம்பியும் 9 மீற்றர் ஆழத்திலிருந்துகூட உறிஞ்சாது. 5 மீற்றருக்குள் வைப்பது நல்லது. ஆகவே பம்பி ஆற்றுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும்.

பூட்டும்போது கவனியுங்கள். உறிஞ்சும் பைப் பம்பியை நோக்கி மேல்நோக்கியே போக வேண்டும். நடுவில் மேடு இருந்தால் காற்று தங்கும். அதன் மூட்டு கசிந்தால் தண்ணீர் வெளியே வராது. வெளியிலுள்ள காற்றும் அழுக்குத் தண்ணீரும் உள்ளே போகும். அதைத்தான் பிள்ளைகள் குடிப்பார்கள். தள்ளும் பக்கத்தில் முதலில் கேஜ், பிறகு திரும்பிவரா வால்வு, பிறகு கேட் வால்வு. திரும்பிவரா வால்வு இல்லாவிட்டால், கரண்ட் போனதும் மேலிருக்கும் தண்ணீர் முழுவதும் பம்பி மேல் விழும். கேஜுக்குக் கீழே சிறிய திருகு வால்வு பூட்டினால், லைனை நிறுத்தாமலே கேஜை மாற்றலாம். பைப்பின் பாரத்தைத் தூண் தாங்க வேண்டும், பம்பி தாங்கக் கூடாது.

கரண்ட் வேலையில் யாரும் கை வைக்காதீர்கள். அது எலக்ட்ரீஷியன் வேலை.

1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் 2018இல் திருத்தப்பட்டது. அதனால் தோட்டக் குடியிருப்புகளுக்கும் சபை வேலை செய்யலாம். கம்பனி பூட்டினாலும் சபை பூட்டினாலும், அன்று கமிட்டி அங்கே நிற்க வேண்டும். "கேஜ் எங்கே?" என்று கேளுங்கள்.

கடைசியாக ஒரு கொப்பி. அதைக் கொட்டிலிலேயே தொங்கவிடுங்கள். பம்பி ஓட்டுகிறவர் தினமும் திகதி, நேரம், இரண்டு முள்ளும் நின்ற இடம் ஆகியவற்றை எழுதட்டும். மாதம் ஒரு தடவை தலைவரும் தலைவியும் பார்த்துக் கையெழுத்திடட்டும். அடுத்த தடவை மோட்டர் எரிந்தால், "நீங்கள்தான் காரணம்" என்கிறவருக்கு முன்னால் அந்தக் கொப்பியை விரித்து வையுங்கள். நாம் சத்தம் போடத் தேவையில்லை.