வரப்புப் பயிரும் நெற்காவலும்
(சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



வயலைச் சுற்றியுள்ள வரப்பில் எதை விதைப்பது என்பதே யான் இன்று எடுத்துக்கொண்ட விஷயம். இது அற்பமெனச் சிலர் எண்ணக்கூடும். ஆயினும் பூச்சிமருந்துக்குச் செலவாகும் பொருளும், அதனைத் தெளிப்பவர் தேகத்திற்கு நேரும் கேடும் இவ்வரப்போடு சம்பந்தப்பட்டவை யாதலின், சற்றுச் செவிசாய்க்குமாறு வேண்டுகிறேன்.

நமது காரைக்கால் காவிரியின் கடைமடை. தண்ணீர் இங்கே பிந்தி வருதலின், முந்தி நட்ட வயலும் பிந்தி நட்ட வயலும் அடுத்தடுத்து நிற்கின்றன. புகையான் என்னும் பூச்சிக்கு இது பெரிதும் அநுகூலம். ஒரு வயல் முற்றினால் அடுத்த வயலுக்குத் தாவும். தண்ணீர்மட்டத்தை யொட்டித் தூரடியில் கூட்டங்கூட்டமாய் இருந்து சாற்றை உறிஞ்சுதலால், பயிர் வட்டவட்டமாகப் புகைபட்டதுபோற் கருகும்.

இப்பூச்சிக்கு இயற்கையிலேயே பகைவருண்டு. சிலந்திகள் அதனைப் பிடித்துத் தின்னும். கடுகினும் சிறிய குளவியொன்று புகையானின் முட்டைக்குள் தன் முட்டையை இட்டு அதனை அழிக்கும். ஆனால் வளர்ந்த குளவிக்கு உணவு தேன். நெற்பூவிலோ தேன் இல்லை. அது பெரும்பாலும் தன் மகரந்தத்தையே தான் ஏற்பது. ஆகவே வயல் முழுதும் நெல்லாயிருப்பின் நம் காவலாளி பட்டினி கிடக்க நேரிடுகிறது. வரப்பிலே எள், உளுந்து, தட்டைப்பயறு முதலியன பூத்திருப்பின் அதற்குச் சோறு கிடைக்கும். துணைப்பயிர் என்பதன் தத்துவம் இதுவே.

இது வெறும் யூகமன்று. சீனம், தாய்லாந்து, வியத்நாம் ஆகிய மூன்று தேசங்களில், நெல்வயலைச் சுற்றித் தேனுள்ள பூச்செடிகளை வளர்த்துச் சோதித்தனர். மருந்துத் தெளிப்பு 70 சதவிகிதம் குறைந்ததென்றும், விளைவு 5 சதவிகிதம் கூடியதென்றும் 2016இல் வெளியிட்டனர். அதற்கு முன்னரே, 1986இல், இந்தோனேசிய அரசாங்கம் நெல்லுக்குத் தெளித்துவந்த 57 மருந்துகளைத் தடுத்தது. மருந்து சிலந்தியையும் குளவியையும் முதலிற் கொன்று, புகையானைப் பெருகவிட்டதே காரணம்.

தோட்டப் பயிருக்கும் இம்முறை உண்டு. ஆனால் வழி வேறு. அங்கே துணைப்பயிர் பூச்சியைத் தன்பால் இழுத்துக்கொள்ளும். தக்காளி 16 வரிசைக்கு ஒரு வரிசை துலுக்கச் சாமந்தி நட்டால், காய்ப்புழுவின் தாய் அப்பூவையே நாடி முட்டையிடும். முட்டைக்கோசு 25 வரிசைக்கு இரண்டு வரிசை கடுகு விதைப்பதும் அத்தகையதே. இவ்விரண்டும் பெங்களூரிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தார் கண்ட முறைகள். நெல் அறுத்தபின் பருத்தி போடுவோர் ஓரத்தில் ஆமணக்கு நட்டால், புரோட்டீனியாப் புழுவின் முட்டைக்குவியல்கள் அதன் அகன்ற இலையில் எளிதிற் புலப்படும். அவ்விலைகளைக் கிள்ளி அழித்தல் இன்றியமையாதது. கவனியாது விட்டால் காவற்பயிரே புழுவளர்க்கும் பண்ணையாகிவிடும்.

இன்னும் சில எச்சரிக்கைகள் கூறுவேன். வரப்பை அகலமாக்கிப் புதர்மண்ட விடலாகாது. எலி வளை தோண்டும். எள் நீர்தேங்குதலைப் பொறாது. அதனைக் குறுவைக்கு வைத்துக்கொண்டு, சம்பா வரப்பில் மழை வலுக்குமுன் உளுந்தையும் தட்டைப்பயறையும் ஊன்றுக. நட்டவுடன் விதைத்தால் ஏறக்குறைய ஐந்து வாரத்திற் பூக்கும். இளம்பயிரில் நாலு இலை சுருண்டதைக் கண்டு பயந்து மருந்தடித்தால், பட்ட பாடெல்லாம் வீண், தேனீக்களும் மடியும். எல்லாப் பூச்சிக்கும் இது ஒன்றே மருந்தென்றும் யான் சொல்லவில்லை. ஐயமுள்ளோர் நம்மூரில் 1987இல் தோன்றிய பண்டித ஜவாஹர்லால் நேரு வேளாண்மைக் கல்லூரியாரைக் கலந்துகொள்ளலாம்.

முடிவாக, நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருக்கும் அங்கத்தினர்க்கு ஒரு விண்ணப்பம். வரப்பில் விளையும் பயற்றில் பங்கு கேளாதீர்கள். அது உழுகின்றவர்க்கே உரியதென்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். தமக்கு ஆதாயமில்லாத வரப்பை எவர்தாம் பேணுவர்? அவர் வீட்டுப் பெண்மக்கள் பறித்தெடுக்கும் இரண்டொரு மரக்கால் உளுந்து, உங்கள் நெல்லுக்குக் காவற்கூலியாகும் என்று கருதுங்கள். மருந்துச் செலவு குறையின் இருவர்க்கும் லாபம்; தெளிப்பவர் உடலுக்கும் க்ஷேமம்.